வேன் ஓட்டிய ஆடு

"மாஸ்டர், ஒரு ஆடு வேன் ஓட்டினா முதல்ல எங்க நிறுத்தும்?"

அரபாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

கேட்டவள் பத்திரிகைக்காரி அட்ஜோவா. எதிரே வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் அரபாவின் கணவர் ஈபோ. தக்கோராடி சந்தையில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைவண்ணம்தான்.

கட்டு போட்டுவிட்டது அரபா. உண்மையில் அந்தக் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அட்ஜோவாவின் பத்திரிகையில் மாதம் ஒரு கலைஞர் பத்துக் கேள்விகளுக்குக் கேட்ட இடத்திலேயே தன் கையெழுத்தில் பதில் எழுதித் தர வேண்டும். அது அப்படியே அச்சாகும். ஈபோவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவருக்கு எழுத்து தெரியாது என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வாடிக்கையாளர் எழுதித் தந்த தாளை முன்னால் வைத்தால் ஒவ்வொரு எழுத்தையும் படமாகப் பார்த்து, அதைவிட அழகாக வரைந்துவிடுவார். தாளைப் படித்து, எது வரை எழுத வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுவது அரபா. இருபது வருடத்தில் அவள் பக்கத்தில் இல்லாதது, இரண்டு வருடம் முன்பு அக்கா சாவுக்கு ஊருக்குப் போன பத்து நாள் மட்டும்தான்.

விஷயம் வெளியே தெரிந்தால் சந்தையே சிரிக்கும். அப்புறம் எவன் வேலை கொடுப்பான்?

"கை சுளுக்கிடுச்சும்மா. பேனா பிடிக்க முடியாது" என்றாள் அரபா அவசரமாக.

"பேனா எதுக்கு மேடம்? மாஸ்டர் படமா வரைஞ்சு காட்டட்டும்."

ஈபோ தாளைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். அடுத்த நிமிடம் கட்டுத் துணி தரையில் கிடந்தது. அரபா தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல வேளை, சுளுக்கு எங்கே போயிற்று என்று அட்ஜோவா கேட்கவில்லை.

தாளில் தொப்பி போட்ட ஆடு ஒன்று வந்தது. மரவள்ளித் தோல் குவியலுக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே பயணிகள் கத்த, கண்டக்டர் கோழி காசு வாங்கிக்கொண்டிருந்தது.

அட்ஜோவா விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க தூரிகைக்குக் கல்யாணம்னா மாப்பிள்ளை யாரு மாஸ்டர்?"

"டர்பன்டைன் டப்பாதான். தினமும் அவளைக் குளிப்பாட்டி விடுறது அவன்தானே?" என்று சொல்லிக்கொண்டே கோட் போட்ட டப்பாவை வரைந்தார்.

இந்த மனுஷனுக்குள் இவ்வளவு விளையாட்டா! அரபாவுக்கே பெருமை தாங்கவில்லை.

"சரி, உங்க கருவியிலேயே உசத்தி எது?"

ஈபோ யோசிக்கவே இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடியை வரைந்தார். ஒரு பக்கம் நூல் கட்டிய, அரபாவின் கண்ணாடி.

அரபா சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் மறைத்தாள். அட்ஜோவா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அவள் கிளம்பிய பிறகுதான் பெஞ்சில் மடித்துக் கிடந்த தாள் அரபாவின் கண்ணில் பட்டது. அச்சடித்த பத்துக் கேள்விகள். 'உங்கள் கலைக்கு உந்துதல் எது? இளைய கலைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள்?'

அரபாவுக்குச் சுருக்கென்றது. தப்பித்தோம் என்ற நிம்மதியெல்லாம் பறந்துபோனது. மற்றவர்களுக்கு மரியாதையான கேள்வி, என் புருஷனுக்கு மட்டும் ஆடும் கோழியுமா?

தாளை எடுத்துக்கொண்டு நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு இரண்டு படியாக மாடி ஏறினாள்.

"ஏம்மா, பெயின்ட்காரன்தானேன்னு இளக்காரமா? இந்தக் கேள்வியை அவர்கிட்ட கேட்டா என்ன? அவர் பதில் எழுதமாட்டாரா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அட்ஜோவா எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். என் தப்புதான். நல்ல கேள்வியெல்லாம் அங்கயே மறந்துட்டு வந்துட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாருக்குமே ஆட்டுக் கேள்விதான். பதிலும் படத்துலதான்."

"அப்படின்னா சரி" என்று மிடுக்காகத் திரும்பினாள் அரபா.

இறங்கும்போதுதான் மாடிப்படியில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். நீல எழுத்து. ஒவ்வொன்றுக்கும் பொன்னிற நிழல். அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா?

'கரையோரம் மாத இதழ். அலுவலகம் மாடியில்.'

அதற்குக் கீழே, அதே அளவில், அதே அழகில்:

'மாஸ்டர், மேல் வரியை மட்டும் சிவப்பில் போடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். அட்ஜோவா.'

அக்கா சாவுக்குப் போயிருந்த அந்தப் பத்து நாள்! அரபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

கீழே இருந்த காவலாளி சிரித்தான். "என்ன மேடம், பலகையைப் பாத்து அசந்துட்டீங்களா?"

"இது... யாரு செஞ்ச தப்புப்பா?" என்றாள் அரபா.

"வேற யாரு, அட்ஜோவா மேடம்தான்! 'இதையுமா எழுதணும்'னு மாஸ்டர் அப்பவே கேட்டாராம். கவனிக்காம 'எல்லாத்தையும் எழுதுங்க'ன்னுட்டாங்களாம், அவங்களே சொன்னாங்க. ரெண்டு வருஷமா ஆபீஸே அவங்களைப் பாத்துச் சிரிக்குது!"

படிக்கவே தெரியாத மனுஷன் எப்படிக் கேட்டிருப்பார் என்று அரபா மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.