வியாழக்கிழமைச் சண்டை

"வெப்சைட்டோட அறுநூறு பக்கத்தையும் கையால எழுதுற ஆள் இந்த எகிப்துலயே நீங்க ஒருத்தர்தான், உஸ்தாத்" என்றாள் நிஹால், கைப்பையை மேசைமேல் வைத்தபடி.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா, இன்ஜினியரம்மா? முதல்ல சாப்பிடுங்க." ஃபூல் என்னும் அவரை மசியல் அடைத்த ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார் லுத்ஃபி.

அலெக்சாண்ட்ரியாவில் பஸ் உதிரி பாகங்கள் விற்கும் கம்பெனி அது. பின்பக்க அறையில் உட்கார்ந்து அதன் இணையதளத்தைக் கவனிக்கும் ஒண்டி ஆள் லுத்ஃபி. மனைவி இறந்து நாலு வருடம். மகன் கனடாவில், பெருநாளைக்குப் பெருநாள் போன். அவரை எப்படியாவது டெம்ப்ளேட்டுக்கு மாற்றிவிடச் சொல்லி, கெய்ரோ தலைமை அலுவலகம் வியாழன்தோறும் நிஹாலை ரயிலேற்றி அனுப்பியது. வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் லுத்ஃபி வாயைத் திறப்பது பல் தேய்க்க மட்டும்தான்.

"கம்பெனி போன் நம்பர் மாறிடுச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஒவ்வொரு பக்கமா திறந்து மாத்துவேன்."

"அறுநூறு தடவையா? மேல்பகுதி, கீழ்ப்பகுதி எல்லாத்தையும் டெம்ப்ளேட்ல ஒரே தடவை எழுதி, பேருக்கும் விலைக்கும் இடம் விட்டுட்டா, நம்பரை ஒரு இடத்துல மாத்தினா போதும். மிச்சத்தை அதுவே நிரப்பிக்கும்."

"அந்த டெம்ப்ளேட் பாஷை அடுத்த வருஷம் மாறிடும். நீங்க திரும்பப் புதுசா ஒண்ணு கத்துக்கணும். நான் கையால எழுதுற வெறும் எச்.டி.எம்.எல் அப்படி இல்ல. நான் செத்தப்புறமும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும்."

"செத்தப்புறம் உங்க பக்கத்துல யாரு வந்து பிரேக் கட்டை தேடப் போறா?"

லுத்ஃபி சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நிஹால் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "இன்னைக்கு விளையாட்டு இல்ல உஸ்தாத். நீங்க ஒத்துக்கலைன்னா தளத்தை வெளியாள்கிட்ட குடுத்துடுவாங்களாம். நானும் இனிமே இங்க வர வேண்டியதில்ல."

லுத்ஃபி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். ஒத்துக்கொண்டால் மட்டும் என்ன? டெம்ப்ளேட் எழுதி முடித்ததும் அவளுக்கு இங்கே என்ன வேலை? எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமை போயிற்று.

"ஒத்துக்கிட்டா எத்தனை நாள் ஆகும்?" என்றார், அக்கறையே இல்லாதவர் போல.

"முதல்லேருந்து எழுதணுமே. ஆறு மாசம் ஆகும்னு மேலே சொல்லி வச்சிருக்கேன். வியாழன் வியாழன் வந்து செய்யணும்." டீயைப் பார்த்தபடி சொன்னாள்.

ஆறு மாதம். இருபத்தாறு வியாழக்கிழமைகள். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"என் தலையெழுத்து. என்னமோ செஞ்சு தொலைங்க" என்று சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவள் ரயிலுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, சர்வரில் ஒரு மூலையில் கிடந்த கோப்பைத் திறந்தார். அது ஒரு டெம்ப்ளேட். நிஹால் முதன்முதலாக வருவதற்கு ஒரு வருடம் முன்பே அவர் எழுதி முடித்தது. அறுநூறு பக்கத்தையும் நாலே நொடியில் இத்தனை நாளும் தயாரித்துக் கொடுத்தது அதுதான். அது அவள் கண்ணில் பட்டால் ஆறு மாதமும் ஒரே நாளில் முடிந்துவிடும். உடனே அழித்தாக வேண்டும்.

கோப்பின் முதல் வரியில், இணையப் பக்கத்தில் தெரியாத குறிப்பு ஒன்று, அவர் எழுதாதது, இன்றைய தேதியோடு இருந்தது: "உஸ்தாத், நான் வந்த ரெண்டாவது வாரமே இதைப் பார்த்துட்டேன். தலைமை அலுவலகம் பார்க்கறதுக்குள்ள அழிச்சிடுங்க. எனக்கும் வியாழக்கிழமையை விட்டா பேச ஆள் இல்ல."