டாக்டர் பூட்டிய வீடு

கப்பலில் மொத்தமே இருபது பயணிகள்தான். ஆளுக்குப் பதினைந்து கிலோ. பெட்டி கூடாது, கட்டிலுக்கு அடியில் மடங்கி நுழைகிற துணிப் பைதான் கொண்டுவர வேண்டும். கடற்பறவைகள் மட்டுமே வாழும் தீவுகளைப் பன்னிரண்டு நாள் சுற்றிக் காட்டும் பயணம் அது.

பல் டாக்டருக்குக் கடலும் ஆகாது, பறவையும் ஆகாது. ஆனால் முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற மனைவி, தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஊரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டதால், டாக்டரும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார். டீச்சர் கேட்டதும் மறுபேச்சு பேசாமல் சரி என்றுவிட்டார்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் வம்பு ஆரம்பித்தது. குளிராடைகளை வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்து நின்றார். துணிகளைத் தருவதோடு, வீட்டுக்கே வந்து பையில் அடுக்கியும் கொடுப்பார்களாம்.

ஆள் வேலையில் கெட்டிக்காரர். உள்ளே போட மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்தது, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத மேலங்கி என்று வரிசையாகத் தரையில் பரப்பினார். டாக்டர் ஆசையாக எடுத்து வைத்திருந்த கோட்டை, "கப்பல்ல யாருக்கும் கல்யாணம் இல்ல சார்" என்று சொல்லி ஓரமாகப் போட்டார். பிறகு சட்டைப் பைகளின் மூலைகளையெல்லாம் வெளியே இழுத்து, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்தார். ஒரு புல் விதை ஒட்டிக்கொண்டு போனால்கூட அது தீவில் முளைத்துப் பரவி, பறவைகள் கூடு கட்டும் இடத்தைக் கெடுத்துவிடும் என்றார். இத்தனை அக்கறையான ஆளை நான் பார்த்ததே இல்லை என்று டீச்சர் உருகிப்போனார்.

டாக்டர் உருகவில்லை. அவர் காது வேறு பக்கம் இருந்தது. என்றைக்குக் கிளம்புகிறீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள், வீட்டில் யார் இருப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று பேச்சோடு பேச்சாக அந்த ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார். டீச்சரும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்த விற்பனையாளர், சமையலறைக்குப் போகிற வழியில் மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்தார்.

அவர் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இவன் பை அடுக்க வந்தவன் இல்ல. நோட்டம் பார்க்க வந்தவன்."

"பால்காரர்லேருந்து பக்கத்து வீடு வரைக்கும், யாரைத்தான் நீங்க நம்பியிருக்கீங்க?"

"உன்னை நம்புறேனே, போதாதா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே பைனாகுலரைத் துடைக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை எடை பார்க்க. டாக்டரின் பை பதினேழு கிலோ இருந்தது. அதில் இரண்டு கிலோ வாந்தி மாத்திரையும் ஊறுகாயும். ஊறுகாய் வெளியே போயிற்று. போகிறபோது விற்பனையாளர் முன்கதவின் பூட்டை விரலால் தடவிப் பார்த்து, பழைய காலத்துப் பூட்டு, உறுதியானது என்று பாராட்டினார்.

அன்று மாலைக்குள் அந்தக் கதவில் இன்னும் இரண்டு பூட்டுகள் ஏறின. ஜன்னல்களுக்குக் கம்பி வந்தது. தானாக எரிந்து தானாக அணையும் விளக்கு வந்தது. அதிலும் மனம் ஆறாமல், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பியை லீவு போட வைத்து வீட்டில் குடியேற்றினார். கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார். அந்த விற்பனையாளரின் தலை தெரிந்தால் விசிலை ஊத வேண்டும், உடனே கப்பலுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

கப்பல் கிளம்பியது. டாக்டர் படுத்தார். ஆறு நாளும் அவர் பார்த்த ஒரே காட்சி அறையின் கூரைதான். டீச்சருக்கோ வயது இருபது குறைந்துவிட்டது. தினமும் ரப்பர் படகில் முதல் ஆளாக ஏறினார், கடைசி ஆளாகத் திரும்பினார். கன்னம் சிவக்க அவர் அறைக்குள் நுழைவதைப் பார்க்கையில், வாந்தி எடுத்தாலும் வந்தது வீண்போகவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை, டீச்சர் தீவுக்குப் போயிருந்த நேரத்தில், கேப்டனின் அறைக்கு டாக்டருக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் எடுத்தார். மைத்துனர்தான்.

"மாமா, அந்த ஆள் வந்தாரு. கூட மூணு பேர். அக்கா ரூம்ல இருக்கிற அலமாரியை மொத்தமா காலி பண்ணி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக டாக்டரின் முதுகு நிமிர்ந்தது. கோபத்தைவிடப் பெருமைதான் முன்னால் வந்தது. இனி ஆயுசுக்கும் டீச்சர் தன்னைக் கேலி பேச முடியாது. மூன்று பூட்டையும் எப்படி உடைத்தார்கள் என்று விசாரித்தார். தானே திறந்துவிட்டதாக மைத்துனர் சொன்னார். விசில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கழுத்தில்தான் இருக்கிறது என்றார்.

"அது பாடக்குறிப்பு வைக்கிற அலமாரிடா. அதுல எடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

"முட்டை மாமா. முந்நூறுக்கு மேல இருக்கும். ஒவ்வொண்ணையும் பஞ்சுல சுத்தி, எடுத்த இடம், தேதி எல்லாம் அக்கா கையெழுத்துல எழுதியிருக்கு. அத்தனையும் அழிஞ்சுக்கிட்டு வர்ற பறவைங்களோடதாம்."

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முட்டை கிடக்கட்டும், முதலில் போலீசுக்குச் சொன்னாயா இல்லையா என்று அதட்டினார்.

மைத்துனர் குரலைத் தாழ்த்தினார்.

"அவரே போலீஸ்தான் மாமா. அக்காவைத் தீவுல மட்டும் இறங்க விடாம பார்த்துக்கச் சொன்னாரு."