நனைந்து வந்தவரின் கேள்வி

“எங்க நாட்டு ஆத்துல கொட்டுற மழையில படகு நடுவழியில நின்னுபோச்சே, ஞாபகமிருக்கா சார்?”

அயல்நாட்டு நிதித்துறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் கேட்டதும் நிதித்துறை அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“மறக்க முடியுமா? நனைஞ்ச கோழி மாதிரியில்ல உங்க ஆபீசுக்கு வந்தேன்!”

“வந்ததும் வராததுமா, ‘பாலம் கட்டக் கடன் கொடுத்தா ஒழுங்கா அடைப்பீங்களா?’ன்னு கேட்டீங்க. மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“பாலம் கட்டினது எங்க நாட்டுக் கம்பெனி. நீங்க அடைக்கலைன்னா எங்க அரசாங்கம் அடைக்கும்னு பேங்குக்கு உத்தரவாதம் கொடுத்தவன் நான். கேட்காம இருக்க முடியுமா? ஆனா ஒரு தவணைகூட நீங்க தவறலை.”

“இப்ப என் பொண்ணு அந்தப் பாலத்துலதான் சைக்கிள்ல வேலைக்குப் போறா.”

பிறகு அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சரி, வந்த வேலையைப் பார்ப்போம். உங்க மெட்ரோவுக்கு எங்க நாட்டுக் கம்பெனி ரயில் பெட்டி செஞ்சு தருது. அதுக்கு நீங்க வாங்குற கடனுக்கு இந்தத் தடவை உத்தரவாதம் கொடுக்கவேண்டியது நான். அதனால…”

மேலே பேச முடியாமல் தயங்கினார்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கூச்சப்படாம கேளுங்கம்மா. மூஞ்சியில அறைஞ்ச மாதிரியே கேளுங்க.”