சலாம் இல்லாத தெரு

அசறு தொழுகைக்குப் புறப்பட்டு மீராமுகைதீன் தெருவில் கால் வைத்ததும், எதிர்வீட்டு முபாறக் கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். இரண்டு வீடு தள்ளி நின்ற பஸால் போனுக்குள் முகத்தைப் புதைத்தான். சைக்கிள் கடைப் பளீல் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அப்படி என்ன அவசர வேலையோ.

ஒன்றரை மாதமாக இதே கூத்துத்தான். எழுபத்துநாலு வயது மனுசர், சாய்ந்தமருதில் அந்தத் தெருவுக்கே மூத்தவர். ஒரு சலாம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இவர் வாயெடுப்பதற்குள் மறைந்துவிடுகிறார்கள்.

பள்ளிக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டாலோ, அதே ஆட்கள் வரிசையாக வந்து கைகொடுத்து, சலாம் சொல்லிச் சுகம் விசாரிக்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டில் ஒரு முகம், தெருவில் ஒரு முகம்.

காரணம் அவருக்குத் தெரியும். பள்ளி நிர்வாகத் தெரிவில் அவர் எதிர்ப்பக்கத்துக்குக் கை உயர்த்தியிருந்தார். மற்றவர்கள் கிடக்கட்டும், நாற்பது வருசம் பழகின பளீலுமா? அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, தொழுகை முடிந்த கையோடு கடைக்குள் நுழைந்தார்.

“பளீல், உன்னோட கொஞ்சம் கதைக்கணும்.”

“முதல்ல இரிங்க காக்கா.” பளீல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மீராமுகைதீன் உட்கார்ந்த பிறகுதான், “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

“வஅலைக்குமுஸ்ஸலாம். தெருவில மட்டும் வாயக் கட்டிப்போட்டிருக்கா? உங்கட ஆளுக்குக் கை தூக்காததுக்கு இவ்வளவு கோவமா?”

பளீல் கையிலிருந்த கிறீஸைத் துடைத்தார்.

“கோவமெண்டா நேர கேட்டிருப்பன். ஒன்றரை மாசத்துக்கு முந்தி என்ட கடை வாசல்ல விழுந்து நெத்தியில தையல் போட்டீங்களே, எப்படி விழுந்தீங்க?”

“கல்லு தடக்கினது.”

“கல்லு இல்ல காக்கா. நான் சலாம் சொன்னன். நீங்க என்ட பக்கம் திரும்பிப் பதில் சொன்னீங்க. கால் நிலத்த விட்டுக் கிளம்பல்ல.”

மீராமுகைதீன் நெற்றித் தழும்பைத் தடவினார்.

“ஆசுபத்திரியில நர்ஸ் மிஸ் உங்கள நடக்கச் சொன்னாங்க, நல்லாத்தான் நடந்தீங்க. எத்தின புள்ளயெண்டு இடையில கேட்டாங்க. நிண்டுதான் பதில் சொன்னீங்க. மறுகா என்னத் தனியக் கூப்பிட்டு, ‘கதை குடுத்தா நடை நிண்டுபோகுது, இவர் திரும்பவும் விழுவார், கவனம்’ எண்டாங்க.”

“அத என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா மட்டும்? சலாத்துக்குப் பதில் சொல்லாமப் போற ஆளா நீங்க?”

மீராமுகைதீன் கதிரையில் சாய்ந்தார். வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சரி, நீ ஒளிச்சதுக்கு இதுதான் காரணம். மத்த ஆக்கள்?”

பளீல் தலையைக் குனிந்துகொண்டார்.

“காக்கா கதிரையில இருந்த பிறகுதான் சலாம் சொல்லணுமெண்டு, வீடு வீடாப் போய்க் கெஞ்சிக் கேட்டது நான்தான்.”