மடங்கிய சுண்டுவிரல்

அலபாமாவின் ஆகஸ்ட் வெயில், ஆள் பார்த்துச் சேர்க்கும் ஒரு கல்லூரி மாணவர் சங்க வீட்டின் வெள்ளைத் தூண்களில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. முதலாண்டு மாணவன் தாட்சர் படியேறுகிறான். சேரப்போவதில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். அவனுடைய அறைத்தோழன் எம்மெட்டை இந்தச் சங்கம் வேண்டாமென்று தள்ளிவிட்டது. “நீ இல்லாத இடத்துல எனக்கென்னடா வேலை?” என்று தாட்சர் காலையில் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வேலிக்கு அப்பால், சைக்கிளிலிருந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி எம்மெட் காத்திருக்கிறான். “வாங்க வாரிசு! உங்கப்பா இங்க மெம்பரா இருந்தப்ப எடுத்த போட்டோ இன்னும் ஹால்லதான் தொங்குது. அப்போ தலையில முடி இருந்துச்சு!” என்கிறான் சங்கத் தலைவன் காலியர். வராந்தாவே சிரிக்கிறது. தாட்சர் தலையை ஆட்டி மறுக்கிறான். “இல்ல காலியர், நான் சேரல.” சிரிப்பு நிற்கிறது. யாருடைய கிளாஸிலோ ஐஸ் சரியும் சத்தம் கேட்கிறது. “சரிப்பா, உன் இஷ்டம். கை குடுத்துட்டுப் போ.” தாட்சர் நிம்மதியாகக் கையை நீட்டுகிறான். பழக்கதோஷத்தில் சுண்டுவிரல் மடங்கி, காலியரின் உள்ளங்கையை இருமுறை அழுத்துகிறது. சின்ன வயதிலிருந்து அப்பா அவனுக்கு அப்படித்தான் கைகொடுப்பார். அப்பாவும் மகனும் ஆடும் விளையாட்டு என்றே நினைத்திருந்தான். காலியரின் கண்கள் விரிகின்றன. அவனுடைய சுண்டுவிரலும் மடங்கி, இருமுறை பதில் அழுத்துகிறது. “டேய், நம்ம சங்கத்து ரகசியக் கைகுலுக்கல்டா இது! இவன் பொறந்ததுலேர்ந்தே நம்மாளு!” வராந்தா அதிர்கிறது. “நான் சொன்னது...” என்று தாட்சர் ஆரம்பிப்பதற்குள் பல கைகள் அவனைத் தோள்மேல் தூக்கிவிடுகின்றன. அந்த உயரத்திலிருந்து வேலி நன்றாகத் தெரிகிறது. எம்மெட் ஊன்றிய காலை எடுத்து பெடலில் வைக்கிறான்.