பச்சைக் கரை போட்ட பொம்மை

கொலுவைக் கும்பிடக் கையை எடுத்த பிறகுதான் சிவசைலம் கவனித்தார். கூடத்துச் சுவரில் அவருடைய படத்தைக் காணோம்.

படத்தின் தேக்குச் சட்டம் மட்டும் கொலுவின் நடுப்படியில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவருக்குப் பதிலாகப் பொம்மைகள் இருந்தன.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்ததும் திருநெல்வேலி ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் அது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். வீடு என்னவோ முத்துவடிவுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. படம் மட்டும்தான் அவருடையது.

அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து முத்துவடிவு அதைக் கீழே இறக்கியிருந்தாள்.

பாக்குவெட்டியால் ஆணிகளை நெம்பி, பின்பலகையைக் கழற்றி, புருஷனை வெளியே எடுத்தாள். சோப்புப் பெட்டிப் பலகையை வைத்து நாலு விரல் ஆழத்துக்குப் பெட்டி மாதிரி அடைத்தாள். ஒவ்வொரு ஆணியாக அடிக்க அடிக்க மனசுக்கு நன்றாக இருந்தது.

வருஷத்துக்கு ஒன்றாவது கொலுவில் புதிதாக வைக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷத்துக்கு இது.

ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவளிடம் பொம்மைக்கடை ஒலி முகம்மது பிரியமாகத்தான் விசாரித்தார்.

“ஆச்சி, போன வாரம் அண்ணாச்சி செப்புச் சாமான் பெட்டி வாங்கிட்டுப் போனாகளே, பிள்ளைக்குப் பிடிச்சிருந்துதா?”

முத்துவடிவுக்குப் பிள்ளை கிடையாது.

ரொம்பப் பிடித்திருந்தது என்று சொல்லி, அதே மாதிரி இன்னொரு பெட்டியும் இரண்டு மரப்பொம்மைகளும் வாங்கிக்கொண்டு வந்தாள். குளிக்கவே இல்லை.

மிச்சத்தை வண்டிக்காரர் பிச்சையா சொன்னார். அவரும் எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சிவசைலம் பிச்சையா வண்டியில் பண்பொழிக்குப் போவார். திருமலை ஏறிக் குமாரசாமியைக் கும்பிட்டுவிட்டு மறுநாள்தான் திரும்புவார். இப்படி ஒரு பக்தி உண்டா என்று தென்காசியே மெச்சியது. அவர் கொண்டுவந்து கொடுக்கும் திருநீற்றை முத்துவடிவு கண்ணை மூடிக்கொண்டு பூசிக்கொள்வாள்.

அது எவள் அடுப்புச் சாம்பலோ. அதை நினைக்கும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. குங்குமம் வாங்க வந்த பெண்கள் ஜமுக்காளம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தது.

உள்ளே களிமண்ணில் ஒரு மலை. தீக்குச்சியை ஒடித்துப் படிக்கட்டு. உச்சியில் கோயில். அடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் பொம்மை, பக்கத்தில் செப்புப் பெட்டியில் வந்த தொட்டில். அவள் எதிரே குடையும் கையுமாக ஓர் ஆண் பொம்மை.

அதன் தோளில் பச்சைக் கரை நேரியல் கிடந்தது. தென்காசியில் பச்சைக் கரை போடுகிறவர் ஒருவர்தான். முத்துவடிவு அவருடைய நேரியலிலேயே ஒரு துண்டு கத்தரித்திருந்தாள்.

சிவசைலம் தோளில் கிடந்த நேரியலை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆனாலும் தேர்தலில் ஜெயித்தவர் இல்லையா. சட்டென்று சிரித்துவிட்டார்.

“நம்ம திருமலைல்லா இது! நான் சாமி பாக்கப் போவுதத அப்படியே செஞ்சு வச்சிருக்கா.”

பெண்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி மலையைப் பார்த்துக் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள். தப்பித்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

எதிர்வீட்டு இராமலட்சுமி மட்டும் கண்ணாடியிடம் குனிந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி மலைக்கு முதுகைல்லா காட்டிட்டு நிக்காக.”

இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டவள் தொட்டிலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

முத்துவடிவு ஒன்றும் நடக்காதது போல் சுண்டலைத் தொன்னையில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக இரண்டு மாதம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வாசலில் மாட்டின் கழுத்துமணி கேட்டது. நல்லவேளை, பிச்சையா வந்துவிட்டார். சிவசைலம் குடையைத் தேடினார். அகப்படவில்லை. குடை இல்லாமலே நடைக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“போயிட்டு வாரேன்.”

வெள்ளிக்கிழமைதோறும் சொல்வதுதான். ‘போயிட்டு வாங்க’ என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்த பிறகுதான் படி இறங்குவார். அது கேட்காமல் வெளியே கால் வைப்பது ஆகாது என்பது அவர் நம்பிக்கை.

“போங்க,” என்றாள் முத்துவடிவு.

அவர் நின்றார். மிச்சத்தையும் சொல்வாள் என்று காத்திருந்தார். உள்ளே தொன்னைகளை எடுத்துக் கொடுக்கும் சத்தம்தான் கேட்டது.

படி இறங்கி வண்டியருகே போனார். உட்கார இடம் இல்லை.

அவருடைய டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், வெள்ளிப் பூண் போட்ட குடை, வெற்றிலைச் செல்லம் எல்லாம் கொல்லை வாசல் வழியாக முன்னமே ஏறியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, சட்டம் இல்லாமல், மல்லாந்து கிடந்தார் சிவசைலம்.