தாய்மாமனுக்கு அழைப்பு

"முள்ளோடை செக்போஸ்ட்ல சரக்கு பாட்டில் இருக்குதான்னு பையக் கிளறுவான்டி. அதான் பொடவைய மேலயே வச்சிட்டன்."

ஜெயசுதா கூடத்தில் நின்று, செல்போனை ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில், புதுச்சேரியில் அவளோடு கல்லூரியில் படிக்கும் சரண்யா.

"ஸ்கூட்டிக்கு நம்ம புதுச்சேரி பக்கமே பெட்ரோல் ரொப்பிடு. தாண்டினா வெல ஜாஸ்தி. டிபன் கடலூர்லயா?"

"வாணாம்டி, தெரிஞ்ச மூஞ்சிங்க இருக்கும். புதுச்சத்திரம் தாண்டி நிறுத்தலாம். சிதம்பரத்துல காலேஜ் கேட்டாண்டயே புகழ்வேந்தன் மாலையோட நிப்பாரு. இன்னிக்கு வுட்டா இந்தக் கல்யாணம் நடக்கவே நடக்காது."

"நடக்காதுதான்டி!"

அதட்டல் வந்த வாசலில் சுப்பராயலு நின்றார். ஜெயசுதாவின் பெரியப்பா. தம்பி இறந்த நாளிலிருந்து தம்பி குடும்பத்துக்குக் காவலாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர். ஜெயசுதாவின் அம்மா செல்வகுமாரி, பக்கத்திலிருக்கும் பாகூருக்குப் போவதென்றாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எதற்கு, எப்போது வருவாய் என்று நூறு கேள்வி கேட்பார். கரும்பு வெட்டு நடக்கும் நாளில்கூட அந்தக் கேள்விகளை மறக்கமாட்டார்.

ஸ்கூட்டிச் சாவி ஆணியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போனது.

"யாருடி அந்தப் புகழ்வேந்தன்?"

"சிதம்பரத்துல காலேஜ் லேப்ல வேல செய்றாரு."

"நம்ம ஆளுங்களா?"

"நல்ல ஆளுங்க."

"வாயப் பாரு! அப்பன் இல்லாத பொண்ணாச்சேன்னு படிக்க அனுப்புனா, நீ ரோடு ரோடா சுத்தி மாப்பிள்ள புடிக்கிறியா?"

"புடிச்சவங்களக் கட்டிக்கிறது தப்பா பெரிப்பா? யாரு தடுத்தாலும் இந்தக் கல்யாணம் இன்னிக்கு நடக்கும்."

இருபது வயசுப் பெண் கண்ணைத் தாழ்த்தாமல் பேசியதில் சுப்பராயலுவுக்கு உச்சிவரை சூடேறியது. அவள் தோளிலிருந்த பையைப் பிடுங்கித் திறந்தார். மேலேயே இருந்தது, அரக்கு நிறக் கூரைப்புடவை.

"செல்வி! வெளிய வந்து உன் பொண்ணு லட்சணத்தப் பாரு!"

செல்வகுமாரி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். புடவையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, அது வந்து..."

"நீ ஒண்ணும் பேசாத. இது உங்க அண்ணன் வந்து பேச வேண்டிய பேச்சு. பொண்ணோட கல்யாண விஷயம் தாய்மாமன் இல்லாம முடியாது. கெளம்பு, கடலூருக்குப் போயி குமரவேல இட்டுனு வா."

"போன் போடட்டா மாமா?"

"போனா? தாய்மாமன போன்ல கூப்புடற வழக்கம் நம்ம வூட்ல என்னிக்கு இருந்துச்சி? கூடப் பொறந்தவ நேர்ல போயி அழைக்கணும். இந்தப் பையயும் எடுத்துக்க. பொடவைய அவன் மூஞ்சிக்கு நேரா பிரிச்சிக் காட்டு. மருமவள வளத்த அழகப் பாக்கட்டும்."

செல்வகுமாரி மகளைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

"போம்மா. இங்க நான் பாத்துக்கறன்" என்றாள் ஜெயசுதா. அதட்டலாகத்தான் சொன்னாள்.

வீடு கடலூர் ரோட்டை ஒட்டி இருந்தது. வாசலை விட்டு அதிகம் நகராமலே சுப்பராயலு கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். ஏறும்போது செல்வகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத. குடும்ப மானத்தக் காப்பாத்திட்டன்" என்றார்.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு அந்த வாசலை ஈயைக்கூடத் தாண்டவிடாத வைராக்கியம் அவருக்கு. ஜெயசுதாவோ ஓடப் பார்க்கவில்லை, அழவில்லை. சோறு வடித்தாள், கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், பெரியப்பாவுக்கு நாற்காலியிலேயே தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். போதாக்குறைக்குப் பாயசம் வேறு.

"இன்னாடி, சிதம்பரம் போவலியா?" என்று கிண்டலாகக் கேட்டார், பாயசத்தை உறிஞ்சியபடி.

"போவ வேண்டியவங்கள யாராலயும் நிறுத்த முடியாது பெரிப்பா."

"இன்னும் திமிரு அடங்கல. உங்க மாமன் வரட்டும், இருக்குது உனக்கு."

மாமன் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியது. சுப்பராயலு ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த நேரத்தில் ஜெயசுதாவின் செல்போன் அடித்தது. மறுபடியும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மருமவளே, முடிஞ்சிடுச்சிம்மா!" குமரவேலின் குரலுக்குப் பின்னால் மேளச் சத்தம். "அண்ணங்காரன் நானே கூட நின்னு நடத்தி வச்சிட்டன். போட்டோ அனுப்பியிருக்கன் பாரு."

சுப்பராயலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா முடிஞ்சிது? நீ இங்க இருக்க, யாருக்குடி கல்யாணம்?"

ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அரக்குக் கூரைப்புடவையில், கழுத்தில் மாலையோடு, புகழ்வேந்தன் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள் செல்வகுமாரி.

"நான் பொண்ணு வூட்டுக்காரி பெரிப்பா. பொண்ண நீங்கதான கைய நீட்டி பஸ் ஏத்துனீங்க!"